படத்துக்கும் உண்டு பாடபேதம்

சங்கப் பாடல் ஒன்றில் ஒரு சீர் மாறி அச்சாகியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுத நம்மிடையே இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். கம்பனில் எது மிகைப்பாடல், எது கம்பன் வாக்கு என்று விடிய விடிய வாதிடுவதற்குக் காரைக்குடியில் என்றுமே பஞ்சமில்லை, 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் இது. ஆனால் இதே ஆட்கள்தாம், நெற்றியோடு வெட்டுப்பட்ட கதாநாயகியையும், திரையின் மூலையில் மூன்று மணி நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பெனி முத்திரையையும், நடுவில் காணாமற்போன இரண்டு பாடல்களையும் கொண்ட ஒரு பழைய படத்தின் தட்டை எவ்வித உறுத்தலும் இன்றிப் பார்த்து முடிக்கிறார்கள். முடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துப் படம் போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அவர்கள் பார்த்தது அந்தக் காலத்துப் படமே அல்ல என்பதுதான் என் கட்சி.

வீட்டில் பார்ப்பதற்காக வெளியிடப்படும் ஒவ்வொரு தட்டும் ஒரு பதிப்பு. இச்சொல்லை அதன் முழுப்பொருளிலேயே பயன்படுத்துகிறேன். ஒரு திரைப்படத்தின் மூலம், கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரதி என்று ஒவ்வொரு தலைமுறையாக இறங்கும்போதும் நுட்பங்கள் உதிர்கின்றன. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது பிழைகள் பெருகுவதைப்போல. விசிடியோ, டிவிடியோ, ப்ளூ-ரேயோ தயாரிப்பவர் இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கைவைத்து ஒரு பிரதியை எடுக்கிறார். எதை எடுத்தார், அது முழுமையானதா, சிதைந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்பினார், எதை விட்டார் என்பவை பதிப்பாசிரியர் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இவற்றுக்குத்தான் தம் முகவுரைகளில் பதில் சொன்னார். சிதைந்த அடிகளைச் சிதைந்தவையாகவே, இடம் விட்டுப் புள்ளியிட்டு அச்சிட்டார். தாமே ஓர் அடியைப் பாடி ஒட்டவைக்க அவருக்குப் புலமை இல்லாமல் போகவில்லை. பதிப்பாசிரியனுக்கு அது ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நேர்மையைத் திரைப்படத் தட்டுகளில் எதிர்பார்ப்பது மிகை என்பவர்கள், சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றும் கடந்து வந்த பாதையைப் பார்க்கட்டும். 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் ஆய்வகத்தில் நேர்ந்த தீயில் அவற்றின் மூல நெகட்டிவ்கள் கருகிப்போயின. அதன்பின் பல ஆண்டுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விற்ற டிவிடிகள், கிடைத்த பிரதிகளைக் கொண்டு செய்தவை. கீறலும் மினுக்கலும் அவற்றில் இயல்பாகவே இருந்தன. ஆனால் கருகிய சுருள்களை அமெரிக்க அகாதெமியின் ஆவணக் காப்பகம் குப்பையில் போடாமல் வைத்திருந்தது. இருபதாண்டுகளுக்குப் பிறகு, கிரைட்டீரியன் நிறுவனமும் அக்காப்பகமும் அவற்றை இத்தாலியின் பொலோனியா நகரத்து ஆய்வகத்திற்கு அனுப்பின. அங்கே நொறுங்கும் நிலையிலிருந்த படச்சுருளுக்கு ஈரம் ஊட்டி, ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கைவேலையில் ஓரத் துளைகளைச் செப்பனிட்டு மீட்டார்கள். பாதேர் பாஞ்சாலியில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடும், அபராஜிதோவில் அறுபது விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. அபுர் சன்சாரின் நெகட்டிவ் எதற்கும் உதவவில்லை. வேறு பிரதிகளைக் கொண்டு அதைச் செய்தார்கள். 2015இல் வெளிவந்த தட்டை வாங்குகிற எவரும் இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பகுதி எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் இந்த ஒழுங்குக்குப் பெயர் பதிப்பறம். அது நமக்குப் புதிதன்று. நம்முடைய பழைய சொத்து அது. படம் என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

வங்காளத்துக்கு உலகப் புகழ் இருந்தது, நமக்கு இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, சென்னைக்கே வருவோம். 1948இல் இரண்டு படங்கள் வெளிவந்தன. இரண்டும் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் கலை இயக்குநர் ஏ.கே. சேகர், இரண்டிலும் ஒளிப்பதிவாளர் கே. ராம்நாத்தின் கை உண்டு. ஒன்று உதயசங்கர் எடுத்த ஒரே படமான கல்பனா. மற்றொன்று எஸ்.எஸ். வாசனின் சந்திரலேகா. கல்பனா வசூலில் தோற்ற படம். சந்திரலேகாவோ இந்தியா முழுவதையும் மதராஸ் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த படம். இந்தி வடிவத்துக்கு மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. இன்றைய நிலை என்ன? புனே ஆவணக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவையும் ஒரு பாசிட்டிவ் பிரதியையும் சேர்த்து மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை கல்பனாவைப் பொலோனியாவில் மீட்டெடுத்தது. 2012இல் கான் விழாவில் அது திரையிடப்பட்டது. 2022இல் கிரைட்டீரியனின் உலக சினிமா வரிசை நான்காம் தொகுப்பில் ப்ளூ-ரேயாகவும் வந்தது. ராம்நாத் வைத்த நிழல்களை இன்று ஒருவர் நியூயார்க்கில் உட்கார்ந்து பார்க்கலாம். அதே ராம்நாத்தும் கமல் கோஷும் ஒளிப்பதிவு செய்த சந்திரலேகாவுக்கு அதற்கு நிகரான ஒரு தட்டு இதுவரை இல்லை. அந்த முரசு நடனத்தை நாம் பார்ப்பது, தேய்ந்த பிரதியிலிருந்து நாடாவுக்கும் நாடாவிலிருந்து தட்டுக்கும் இறங்கிய வடிவில்தான். அறுநூறு பிரதி எடுத்த படத்துக்கு இந்தக் கதி.

நம் தட்டுகளில் என்னதான் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். "பிரிண்ட் சுமார்தான்" என்று பொத்தாம்பொதுவாக அலுத்துக்கொள்வது குற்றவாளிகளைத் தப்பவிடும்.

முதலாவது, அளவு. 2000களில் தமிழ் வீடுகளுக்குள் பழைய படங்களைக் கொண்டுவந்தது விசிடி. அதன் ஒரு சட்டகத்தில் இருப்பவை 352க்கு 288 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம். டிவிடியில் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். ப்ளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். விசிடியில் இருள் என்பதே கிடையாது. கறுப்புச் சதுரங்கள்தாம் உண்டு. எஸ். பாலசந்தரின் அந்த நாள் (1954) பாடல் ஒன்றுகூட இல்லாத படம். வானொலிப் பொறியாளன் ஒருவனின் கொலையை இருட்டும் சாளர வெளிச்சமுமாகச் சொல்லிக்கொண்டு போவது. மாருதி ராவின் ஒளிப்பதிவு அதில் பாதி கதாபாத்திரம். அப்படத்தை விசிடியில் பார்த்துவிட்டு அதன் திரைக்கதையை மட்டும் புகழ்கிறவர், உரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தைப் புகழ்கிறவர்.

எல்லிஸ் ஆர். டங்கன் மீரா (1945) எடுப்பதற்கு முன்பு எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியோடு பல கோணங்களில் விளக்குகளை வைத்து அதைப் படம் பிடித்துச் சோதித்தார். எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்த பிறகே படப்பிடிப்பு. அவ்வளவு பாடுபட்டு வைத்த ஒளியை நாம் ஒரு லட்சம் புள்ளிக்குள் திணித்து, மாவு பூசிய முகமாகப் பார்த்துவிட்டு, "பாட்டுக்காகப் பார்க்கலாம்" என்கிறோம்.

பாட்டாவது சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இது இரண்டாவது குற்றம், பலரும் அறியாதது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் இங்கிலாந்தும் பின்பற்றிய பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகம் காட்டுவது. படத்தை நாடாவுக்கு மாற்றும்போது எளிய வழி, படத்தையே 25 ஆக ஓட்டிவிடுவது. 180 நிமிடப் படம் 173 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறிவிடும். நம் பாடகர்கள் கணக்கில் சொன்னால், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. ஹரிதாஸில் (1944) பாகவதர் எந்தச் சுருதியில் பாடினாரோ அந்தச் சுருதியில் தட்டு பாடுவதில்லை. பாகவதரின் குரல் உயரத்தைப் பற்றி வியந்து எழுதியவர்களில் எத்தனை பேர் பாகவதரை வியந்தார்கள், எத்தனை பேர் டெலிசினி இயந்திரத்தை வியந்தார்கள் என்பது ஆராயத்தக்கது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வேறு முறை. அங்கே என்டிஎஸ்சி. அதில் 24 சட்டகங்களைச் சுருதி மாறாமலே ஏற்றிவிட முடியும். ஆகவே டொராண்டோத் தமிழருக்கு நல்ல பாகவதர் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தாரா? உலகமெங்கும் ஒரே தட்டை விற்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் டிவிடிகள் பல என்டிஎஸ்சி முறையில் அச்சாயின. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மூலமாக இருந்தது படச்சுருள் அல்ல. பழைய பால் நாடா. ஏறிய சுருதி அப்படியே இருக்க, சட்டகங்கள் மட்டும் ஒன்றோடொன்று குழைந்து, கை வீசினால் இரண்டு கை தெரியும் பேய்ப்படமாக அது போய்ச் சேர்ந்தது. 1983க்குப் பிறகு ஊரையும் வீட்டையும் விட்டுப் போனவர்கள், எடுத்துச் செல்ல முடிந்த கொஞ்ச நினைவுகளில் ஒன்றாக இப்படங்களைப் பெருவிலை கொடுத்து வாங்கினார்கள். அவர்களுக்கு நாம் விற்றது இதைத்தான்.

மூன்றாவது, வெட்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தொண்ணூறால் வகுத்தால் உண்மையான நேரம் கிடைக்கும். 16,200 அடி என்றிருந்தால் 180 நிமிடம். தட்டு 173 நிமிடம் ஓடினால் பயப்பட வேண்டாம். அது பால் முறையின் வேலை. 150 நிமிடம் ஓடினால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். பல தட்டுகளில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சான்றிதழ்தான். அந்த இடத்தில் கம்பெனியின் சுழலும் முத்திரை வந்து நிற்கும். திருடன் முதலில் விளக்கை அணைப்பதில் ஆச்சரியம் இல்லை. நான் வாங்கிய ஐம்பதுகளின் படம் ஒன்றில் இயக்குநர், பாடலாசிரியர் பெயர்கள் வரும் எழுத்துப் பகுதி முழுவதையுமே நீக்கிவிட்டிருந்தார்கள். ஆசிரியர் பெயரைக் கிழித்துவிட்டுப் பதிப்பகத்தார் தம் பெயரை மட்டும் அச்சிட்ட புத்தகத்தை நாம் வாங்குவோமா?

நான்காவது, நெரிசல். இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிகாபைட் இடம் உண்டு. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஏழரை மெகாபிட் கிடைக்கும். 'மூன்று படம் ஒரே தட்டில்' என்று அதே தட்டை நிரப்பினால் இரண்டரைதான். மூன்று படம் பார்த்த நிறைவில், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

இவையெல்லாம் வணிகர்களின் குற்றங்கள். ஆனால் வணிகர்களை மட்டும் வைதுவிட்டு வீடு திரும்புவது இலக்கிய வாசகர்களுக்கு அழகல்ல. இத்தனையையும் எப்படிச் சகித்தோம் என்ற கேள்வி நம்மை நோக்கியது. என் விடை இது: தமிழர்கள் படத்தைக் காதால் பார்த்துப் பழகியவர்கள். பராசக்தி (1952) வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் விற்றது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு படத்தின் ஒலிநாடாவை மட்டும் ஒலிபரப்பினார்கள். அதை வீடே உட்கார்ந்து கேட்டது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் திருவிளையாடல் (1965) வசனம் முழங்காத ஊர் உண்டா? இவ்வழக்கத்தில் ஓர் அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. அது நம் கதாகாலட்சேபத்தின், தெருக்கூத்தின் வாரிசு. ஆனால் அதன் விலையாக, படத்தில் படம் என்று ஒன்று இருப்பதையே மறந்தோம். வசனம் கேட்டால் போதும் என்றால் தட்டில் எது தெரிந்தால் என்ன? இலக்கியவாதிகளும் இதில் தப்பவில்லை. 'கதைதான் முக்கியம், தொழில்நுட்பம் பிறகு' என்று அவர்கள் சொல்வது, இந்தச் செவிப்பழக்கத்துக்கு மாட்டிய கண்ணியமான சட்டை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏழை நாட்டில் படப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பது சீமான்களின் பொழுதுபோக்கு. மலிவாகக் கிடைத்ததால்தானே எல்லோரும் பார்த்தார்கள்? 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். மலிவு ஓர் அறம்தான். ஆனால் மலிவுக்கும் மோசத்துக்கும் முடிச்சுப் போடுவதை ஏற்க முடியாது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களையும் பிறவற்றையும் ஒரு ரூபாய் விலையில் வெளியிட்டார். வையாபுரிப்பிள்ளை போன்ற அறிஞர்கள் பார்த்துப் பார்த்துச் செப்பம் செய்த பதிப்புகள் அவை; சந்தி பிரித்து எளிய வாசகனும் படிக்கும்படி அமைந்தவை. விலை குறைந்ததே தவிரக் கவனம் குறையவில்லை. நல்ல பிரதியிலிருந்து படத்தை மாற்றுவதற்கான செலவு ஒரு முறைச் செலவு. அதன்பின் தட்டை எந்த விலைக்கும் விற்கலாம். மேலும், பெயர்ப்பகுதியை வெட்டுவதாலும் மூலையில் முத்திரை பொறிப்பதாலும் என்ன செலவு மிச்சமாயிற்று? முத்திரை பொறிக்கத்தான் தனியாக ஆள் வைத்து உழைக்க வேண்டும். ஏழ்மை இங்கே சாக்கு மட்டுமே.

இரண்டாவது மறுப்பு, காலம் மாறிவிட்டது என்பது. கர்ணன் (1964) 2012இலும், ஆயிரத்தில் ஒருவன் (1965) 2014இலும், வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) 2015இலும் டிஜிட்டல் மெருகோடு திரையரங்குக்கு வந்தனவே, கூட்டம் அலைமோதியதே? வந்தன, மகிழ்ச்சி. பழைய படத்துக்குச் சந்தை உண்டு என்று அவை மெய்ப்பித்தன. ஆனால் பழைய படங்கள் மறுபடி வரும்போது சுவரொட்டியில் என்ன பெருமை பேசப்படுகிறது என்று கவனியுங்கள்: 'சினிமாஸ்கோப்பில்', 'புதிய ஒலியமைப்பில்'. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய படம் எதையும் சினிமாஸ்கோப்பாகக் காட்ட வேண்டுமானால் இரண்டே வழிகள். ஒன்று, மேலும் கீழும் வெட்ட வேண்டும். அல்லது எல்லோரையும் இழுத்துக் குண்டாக்க வேண்டும். ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவில் ஒளிப்பதிவாளர் அமைத்த சட்டகத்தில் கிரீடத்துக்கு மேலே விட்ட வெளியும், கீழே நடனக் கலைஞரின் பாதமும் காரணத்தோடு இருந்தவை. வைஜயந்திமாலாவின் பாதத்தை வெட்டிவிட்டு நடனத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பது என்ன ரசனை?

ரசிகமணி டி.கே.சி. கம்பனில் தமக்குக் கம்பன் வாக்காகப் படாத பாடல்களை ஒதுக்கினார், சொற்களை மாற்றினார். அதற்காக அறிஞர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. ஆனாலும் டி.கே.சி. தம் பெயரில், தம் ரசனையின் பொறுப்பில் அதைச் செய்தார். முழுக் கம்பன் வேறு பதிப்புகளில் வாசகனுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே வெட்டியவர் பெயரும் இல்லை. வெட்டாத பதிப்பும் இல்லை. கீறல் நீக்குகிறோம் என்று படத்தின் மணியுருவையே துடைத்துவிட்டு முகங்களை மெழுகாக்கும் இன்னொரு வித்தையும் நடக்கிறது. சுவடியில் பூச்சி அரித்த ஓட்டையை அடைப்பதற்காக ஓலை முழுவதும் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது அது. மேலைநாட்டு மீட்டெடுப்புகள் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. பொலோனியா ஆய்வகத்தில் மீட்கப்பட்ட வண்ணப்படங்களில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. ஒரே படத்தின் அமெரிக்கத் தட்டையும் பிரெஞ்சுத் தட்டையும் அருகருகே வைத்து, எதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, எதில் கறுப்பு சாம்பலாகியிருக்கிறது என்று அங்கே ரசிகர்களே சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைதான் பதிப்பாளரை ஒழுங்காக வைத்திருக்கிறது. நம்மிடம் இல்லாதது பணத்தைவிட அந்தச் சண்டை.

மூன்றாவது மறுப்பு, இனித் தட்டே இல்லை, எல்லாம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது. கிடைப்பது எது? தட்டுக்காக அன்று மாற்றிய அதே நாடாக்கள்தாம் பெரும்பாலும் இன்று அங்கே ஏறியிருக்கின்றன. சில, அகலத்திரையை நிரப்புவதற்காக மேலும் ஒரு முறை இழுக்கப்பட்டிருக்கின்றன. மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. தட்டுக் கடைகளும் போய்விட்டன. தட்டின் பிழைகள் மட்டும் சிரஞ்சீவியாக வாழ்கின்றன. மூலம் மாறாமல் ஊடகம் மாறுவது, பிழைமலிந்த பதிப்பை வழவழப்பான தாளில் மறுஅச்சுப் போடுவதுதான்.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, இயலாமை என்ற வாதம். படச்சுருளை நுட்பமாக டிஜிட்டலாக்கும் ஸ்கானிட்டி என்ற இயந்திரத்தை உலகின் பல ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்துகின்றன. அதைச் செய்யும் ஜெர்மானிய டிஎஃப்டி நிறுவனம் 2013இல் சென்னையின் பிரசாத் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. அயல்நாட்டுப் படங்களின் தூசியைச் சட்டகம் சட்டகமாகத் துடைக்கும் வேலையைச் சென்னை இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். கருவி இருக்கிறது, கை இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

அண்டை வீடுகளைப் பாருங்கள். அரவிந்தனின் கும்மாட்டி (1979) 2021இலும், அவருடைய தம்பு (1978) 2022இலும் மீட்டெடுக்கப்பட்டு வந்தன. மணிப்புரியின் இஷானோ 2023இல் கானில் திரையிடப்பட்டது. ஒடியாவின் மாயா மிருகா 2024இல் பொலோனியாவிலும், கன்னடத்தின் கடஸ்ராத்த அதே ஆண்டு வெனிஸிலும் மீட்டெடுத்த வடிவில் காட்டப்பட்டன. இலங்கையின் சுமித்ரா பீரிஸ் எடுத்த சிங்களப் படமான கெஹெனு லமாய் 2025இல் கானுக்குப் போயிற்று. மலையாளம், மணிப்புரி, ஒடியா, கன்னடம், சிங்களம். இந்த வரிசையில் தமிழ் இல்லை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும், நடிகர்களை நாடாள அனுப்பும் மொழி இல்லை. தமிழ்ச் சமூகத்தைத் திரைப்படம்தான் மாற்றியது என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள், மாற்றிய அந்த ஆவணங்களைப் பேணத் துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். செக்காலையிலிருந்து சில கிலோமீட்டரில் தேவகோட்டை ரஸ்தா. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் சென்னைக்குப் போய் நிலைப்பதற்கு முன்பு அங்கேதான் ஸ்டூடியோ நடத்தினார். நாம் இருவர் (1947) அங்கே எடுக்கப்பட்ட படம். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் திரையரங்குகளில் ஒலித்தன. குழந்தை கமலா அதற்கு ஆடினார். பாரதி பாடல்கள் 1949இல் அரசுடைமை ஆவதற்கு முன்பே அவற்றைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளுக்குக் கொண்டு சேர்த்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. பாரதி பாடல்களுக்குக் காலவரிசைப்படுத்திய பதிப்புகள் உண்டு, பாடபேதப் பதிப்புகள் உண்டு. அந்தப் பாடல்கள் முதன்முதலில் பெருந்திரளைச் சென்றடைந்த அந்தப் படத்துக்கு ஒரு செம்பதிப்பு உண்டா?

இன்னொரு பக்கம் கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் அங்கே வீடு நிறைய நூல்களும் இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் சேர்த்தார். அத்தொகுப்பைக் கொண்டுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) இன்று இல்லை. தட்டில் எந்தப் பாடல் வெட்டுப்பட்டது என்று கண்டுபிடிக்க நமக்குத் துணை நிற்பவை அக்காலப் பாட்டுப் புத்தகங்களே. இரண்டணாக் காகிதத்தை மதித்த ஒருவர் இந்தச் சீமையில் இருந்தார். அதே சீமையில் லட்சங்களைக் கொட்டிப் படம் எடுத்தவர்களின் நெகட்டிவ்களுக்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை. நைட்ரேட் சுருள்கள் தீப்பிடித்தன. பல பிரதிகள் வெள்ளிக்காகக் கழுவப்பட்டன. எஞ்சியவை கோடம்பாக்கத்துப் புழுக்கத்தில் புளித்துச் சுருங்கின.

உரிமைச் சிக்கல் என்ற சாக்கும் மெல்ல மெல்ல இற்றுவருகிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை அறுபது ஆண்டு. 1964 வரை வெளிவந்த படங்களுக்கு அது தீர்ந்துவிட்டது. கதை, பாடல் ஆகியவற்றின் உரிமைகள் மட்டுமே தனிக்கணக்கு. ஆகவே இனிக் கேட்க வேண்டியது, மூலப்பிரதி யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். தமிழக அரசு நூல்களை நாட்டுடைமை ஆக்குவதைப்போல இதையும் தன் வேலையாகக் கொள்ளலாம். முதற்கட்டமாக 1931 முதல் 1964 வரையிலான தமிழ்ப் படங்களில் எவற்றுக்கு நெகட்டிவ் உண்டு, எவற்றுக்குப் பிரதி மட்டும் உண்டு, எவை அழிந்தன என்ற பட்டியலையாவது வெளியிட வேண்டும். 1964இல் புனேயில் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்ட நிலையில், அங்குள்ள தமிழ்ச் சுருள்களைப் பற்றிக் கேட்கும் கடமை நமக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வெளியிடுகிறவர்களிடம் நான் கேட்பது ஆடம்பரம் எதுவும் அல்ல. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று உறையில் ஒரு வரி. தணிக்கைச் சான்றிதழும் பெயர்ப்பகுதியும் வெட்டாமல். சட்டகம் எடுத்த அளவிலேயே. சுருதி பாடிய அளவிலேயே. புதிய ஒலியமைப்பு வேண்டுமானால் பழைய ஒற்றை ஒலியும் கூடவே. பாடல்களுக்கும் துணையெழுத்து; பாடலில்தான் கதை நடக்கிறது என்பது நமக்குத் தெரியாதா?

வாசகர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் எந்தப் பதிப்பை மேற்கொண்டீர்கள் என்று குறிப்பிடாமல் எந்த ஆய்வேடும் ஏற்கப்படுவதில்லை. பழைய படங்களைப் பற்றி நம் சிற்றிதழ்களில் ஆண்டுதோறும் எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. ஒளிப்பதிவைப் பற்றியும் படத்தொகுப்பைப் பற்றியும் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. எதைப் பார்த்து என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இனி எழுதுகிறவர்கள் ஒரு வரி சேர்க்கட்டும்: பார்த்த பிரதி எது, அது எத்தனை நிமிடம் ஓடியது, பாட்டுப் புத்தகத்தில் உள்ள எந்தப் பாடல் அதில் இல்லை. இதழாசிரியர்கள் அந்த வரி இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டும்.